மஞ்சளா, வெள்ளையா? மூடுபனி விளக்கின் நிற வரலாறு

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மார்கழி, தை விடியற்காலைகளில் இந்தச் சாலையில் பனி ஒரே சீராக இறங்குவதில்லை. முதுநகர்வரை பளிச்சென்று தெரிந்த சாலை ஆலப்பாக்கம் பக்கம் திடீரென மங்கிப்போவதுண்டு. மேற்கே பெருமாள் ஏரி, கிழக்கே உப்பங்கழி, தெற்கே வெள்ளாறு, இடையில் நெல் வயல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிரும். காற்றும் அசையாது நின்றால், தரையை ஒட்டிய ஈரமெல்லாம் நுண்துளிகளாகிவிடும். ஆருத்ரா தரிசனத்துக்குக் கார்கள் கிளம்புவதும், ஆலைக்குக் கரும்பேற்றிய டிராக்டர்கள் ஊர்வதும் இந்தப் பருவத்தில்தான். தோகை தொங்கும் டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ஒளிர்பட்டையும் இல்லை என்றால், அதைக் கண்டுகொள்ளப் பின்னால் வருபவருக்குத் தன் வண்டி விளக்கைத் தவிர வேறு துணை கிடையாது.

அந்த விளக்கு மஞ்சளாக இருக்க வேண்டுமா, வெள்ளையாகவா? ஒரு நாட்டின் சட்டமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றிருக்கிறது.

அந்த நாடு பிரான்ஸ். கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியில் அப்போது அதன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. வெள்ளொளியைவிட மஞ்சளொளி கண்ணைக் குறைவாகக் கூசச்செய்கிறது, பனியில் குறைவாகச் சிதறுகிறது என்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஆய்வு 1936இல் முடிவு சொன்னது. அதைத் தொடர்ந்து அந்நாட்டு வாகனங்களின் முன்விளக்குகள் மஞ்சளாக வேண்டும் என்று விதி வந்தது. வெள்ளொளியிலிருந்து நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடுகிற கண்ணாடிக் குமிழ்கள் புழக்கத்துக்கு வந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேல் நீடித்த அந்தக் கட்டாயம், ஐரோப்பிய நாடுகள் விதிகளை ஒருங்கிணைத்தபோது 1993இல் முடிவுக்கு வந்தது. ஜப்பானிலும் 2006 முதல் தயாரான வாகனங்களில் ஹெட்லைட் வெள்ளையாக மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் ஃபாக் லைட்டுக்கு மட்டும் மஞ்சள் இரு இடங்களிலும் அனுமதிக்கப்பட்டே வருகிறது.

பிரெஞ்சு முடிவின் ஒரு பாதி சரி, மறுபாதி பலவீனமானது. காற்றின் மூலக்கூறுகள் நீலத்தை அதிகம் சிதறடிக்கின்றன என்று இயற்பியலாளர் ராலே 1871இல் காட்டினார்; வானம் நீலமாகத் தெரிவது அதனால்தான். பனியில் மஞ்சள் ஊடுருவிப் போகும் என்ற நம்பிக்கை இந்த விதியை மூடுபனிக்கும் நீட்டிப் பார்த்ததில் பிறந்தது. மூலக்கூறு ஒளியலையைவிட மிகச் சிறியது; பனித்துளியோ பல மடங்கு பெரியது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. மூடுபனித் துளிகள் பெரும்பாலும் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான்வரை. இந்த அளவுத் துளிகளில் ஒளி எப்படிச் சிதறும் என்பதற்கு 1908இல் இயற்பியலாளர் குஸ்தாவ் மீ தந்த கணக்குதான் பொருந்தும். அதன்படி எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. மேகம் வெள்ளையாக இருப்பதே இதற்குச் சான்று, ஏனென்றால் மூடுபனி என்பது தரைக்கு இறங்கிய மேகம்.

அப்படியானால் மஞ்சள் விளக்கை விரும்பும் ஓட்டுநர்கள் ஏமாந்துபோனவர்களா? இல்லை. கூச்சத்தைப் பற்றிய பாதி நிலைத்து நிற்கிறது. பனியில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம் மிகுந்தால் கண் விரைவில் சலிக்கிறது. எதிர்வண்டிக்காரருக்கும் அதே தொல்லை. ஆனாலும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்ற வழக்கு லேசில் தீரவில்லை. 1976இல்கூட நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ‘வெள்ளையா, மஞ்சளா’ என்பதையே ஓர் அறிக்கையின் தலைப்பாக வைத்தது.

அதன் பிறகு விளக்கே மாறிவிட்டது. இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத திருப்பம் இதுதான். 1960களில் பரவிய ஹாலஜன் பல்பின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 3,200 கெல்வின். வெள்ளை என்று விற்கப்பட்டாலும் அதில் மஞ்சள் சாயல் உண்டு. பழைய விவாதம் இந்த இளமஞ்சளுக்கும் முழு மஞ்சளுக்கும் இடையில் நடந்தது. இன்றைய வெள்ளை எல்இடி அப்படியல்ல. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் அது வெள்ளையாக்கப்படுகிறது. கடைகளில் விற்கும் 6,000 கெல்வின் பல்பில் அந்த நீலம் தூக்கலாகவே நிற்கும். ஆகவே மஞ்சளுக்கான வாதம் ஹாலஜன் காலத்தைவிட இப்போது வலுவாகியிருக்கிறது. எல்இடி பொருத்துவதென்றால் பனிக்கு 3,000 கெல்வின் பக்கம் சாய்வதே நல்லது.

நிறத்தைவிடப் பெரியது ஒளிக்கற்றையின் வடிவம். ஃபாக் லைட் தாழ்வாக, பம்பரிலேயே இருக்க வேண்டும். கார்களில் தரையிலிருந்து 250 முதல் 800 மில்லிமீட்டருக்குள் என்கிறது ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைய விதி. நிறத்தில் வெள்ளை, மஞ்சள் இரண்டையும் அது ஏற்கிறது. கற்றை அகலமாகவும் தட்டையாகவும் விரிந்து, மேல்விளிம்பு கத்தரித்தாற்போல் முடிய வேண்டும். அப்போதுதான் கண்ணுக்கு நேரே உள்ள துளிகள் ஒளிராமல், சாலையோரக் கோடும் மண்திட்டும் தெரியும். ஹைபீம் போட்டால் முன்னே வெள்ளைச் சுவர் எழும்புவது இதற்கு நேர்மாறான காரணத்தால். ஹாலஜனுக்கென வடித்த கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகினாலும் அந்த மேல்விளிம்பு கலைந்துபோகலாம். பிறகு எந்த நிறமும் உதவாது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி சொல்வதும் இதைத்தான்: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச்செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. பார்வைத் தூரம் 50 மீட்டருக்கும் கீழே போனால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை நொடியிலேயே 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில்கூட மேலும் 20 மீட்டர் ஆகும். பனி நனைத்த தாரில் அது இன்னும் நீளும். கடலூர்-சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கத்துக்கும் பி.முட்லூருக்கும் இடையே அத்தகைய பனியில் போகிறவர் 30க்குக் குறைத்து, லோபீமோடு ஃபாக் லைட்டையும் போட்டு, இடப்பக்கக் கோட்டைப் பிடித்துப் போவது நல்லது. பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிட வேண்டும்.