மாமாவோட ஜீப்பும் நாலு தலைமுறை பாட்டுப் பெட்டியும்

போன பொங்கலுக்குப் போடி போயிருந்தப்போ மாமா கூப்பிட்டார். "மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, ஜீப்புல பாட்டு செட்டு படுத்துருச்சு. புதுசு ஒண்ணு மாட்டி விடேன்." சாப்ட்வேர் எஞ்சினியர்னா மிக்ஸி, இன்வெர்ட்டர், டிவி எல்லாம் ரிப்பேர் பார்க்கத் தெரியணும்ங்கிறது நம்ம வீடுகள்ல எழுதப்படாத சட்டம். தலையாட்டிட்டேன்.

மாமாவோடது 80-கள்ல வந்த மஹிந்திரா டீசல் ஜீப். ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களை விடியறதுக்கு முன்னாடி போடியில ஏத்தி, போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வரும். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில நிறுத்தினாங்க. போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூன்ல. அந்தப் பன்னெண்டு வருஷமும் இந்த ஜீப் ஒரு நாள்கூட ரெஸ்ட் எடுக்கலைன்னு மாமா பெருமையா சொல்லுவார்.

"கம்பெனி செட்டு எது மாமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "கம்பெனி குடுத்தது வெறும் தகரம்டா."

உண்மைதான். ஜீப் ரெண்டாம் உலகப் போருக்காகச் செஞ்ச வண்டி. 1947-ல மஹிந்திரா வில்லீஸ் ஜீப்பைப் பாகம் பாகமா இறக்குமதி பண்ணி இங்கே பூட்ட ஆரம்பிச்சப்போ, டேஷ்போர்டுல பாட்டுக்கு இடம் விடணும்னு யாருக்குத் தோணியிருக்கும்? இத்தனைக்கும் அமெரிக்காவுல 1930-லயே கால்வின் சகோதரர்கள் கார் ரேடியோ வித்தாங்க. அதுக்கு வச்ச பேருதான் மோட்டோரோலா. நாம செல்போன் கம்பெனின்னு நினைச்சுட்டிருக்கிற பேருல இருக்கிற 'மோட்டோர்', கார்லேர்ந்து வந்தது!

சரி, மேட்டருக்கு வரேன். ஸ்குரூவைக் கழட்டி செத்துப்போன செட்டை வெளியே இழுத்தா, உள்ளே ஒரு குட்டிக் கீழடியே இருந்துச்சு. தோண்டத் தோண்ட அடுக்கு.

அடி அடுக்கு: தகரத்துல ரெண்டு வட்ட ஓட்டை. அந்தக் காலத்து ரேடியோவுக்கு இடது பக்கம் சவுண்டுக்கு ஒரு திருகு, வலது பக்கம் ஸ்டேஷனுக்கு ஒரு திருகு. அந்த ரெண்டு தண்டையும் ஓட்டையில விட்டு நட்டுப் போட்டு முறுக்கினா அதுதான் பிட்டிங். தாத்தாவோட பெட்ரோல் ஜீப்புல இருந்த ரேடியோவைத்தான் மாமா இதுல மாட்டினாராம். "அதுல கரகரன்னு இருக்கும், இதுல மாட்டுனதும் கணீர்னு கேட்டுச்சு, ராசியான வண்டி"ன்னார். ராசி இல்லை மாமா, ஸ்பார்க் பிளக். பெட்ரோல் எஞ்சின்ல ஒவ்வொரு பொறியும் மீடியம் வேவ்ல ஒரு கரகரப்பு. டீசல்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

விடிகாலையில இலங்கை வானொலி தெளிவா விழும், வெயில் ஏற ஏறத் தேஞ்சுரும்னார். அதுக்கும் காரணம் இருக்கு. ராத்திரியில மீடியம் வேவ் வான்மண்டலத்துல பட்டுத் திரும்பி ரொம்ப தூரம் வரும். சூரியன் வந்ததும் கீழ் அடுக்கு அதை உறிஞ்சிடும். நம்ம தென் மாவட்டத்துல ஒரு தலைமுறையே இலங்கை வானொலியில சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்ததுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரியணுமா என்ன. அப்போ ரேடியோ வச்சிருந்தா தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் வேற கட்டணும். வீட்டு ரேடியோவுக்கு 70-கள்ல 15 ரூபாய். 80-கள் நடுவுலதான் அந்தத் தொல்லை ஒழிஞ்சது.

ரெண்டாவது அடுக்கு: டேஷ்போர்டுக்கு அடியில பட்டை அடிச்சுத் தொங்கவிட்ட தடயம். கேசட் காலம்! பிலிப்ஸ் 1963-ல கொண்டுவந்த கேசட் மலைப்பாதைக்குன்னே செஞ்ச மாதிரி. ரேடியோ வளைவுல திரும்பினா மலை மறைச்சு விட்டுப்போகும், கேசட்டுக்கு எந்த மலையும் குறுக்கே வராது. ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து, ரெண்டு நாள் கழிச்சு வாங்குவாங்களாம். லிஸ்ட்ல யார்? வேற யார்! 1976-ல அன்னக்கிளியோட வந்த பண்ணைப்புரத்துக்காரர், நம்ம மாவட்டம்.

மூணாவது அடுக்கு: கட்டர் வச்சுக் கோணல்மாணலா வெட்டின செவ்வகம். அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட 180-க்கு 50 மில்லிமீட்டர். ஜெர்மன்காரங்க போட்ட டின் அளவு. பின்னாடி அதுவே உலக அளவாச்சு. எந்தக் கம்பெனி செட்டும் எந்த வண்டியிலயும் பொருந்தறது அந்த ஒரு அளவாலதான். மாமா தகரத்தை வெட்டினது இந்த அளவு பார்த்து இல்லை, கொடைக்கானல் எஃப்.எம்முக்காக. எஃப்.எம் அலை நேர்கோட்டுல போறதால டவர் எவ்வளவு உசரமோ அவ்வளவு தூரம் கேட்கும். கொடைக்கானல் உசரத்துக்குக் கேட்கணுமா! 100.5 எங்க பக்கம் டீக்கடை, சலூன், ஜீப்புன்னு எல்லா இடத்துலயும் ஓடுச்சு. பின்னாடி அதே ஓட்டையில பென் டிரைவ் செட்டு வந்துச்சு. இப்ப செத்தது அதுதான்.

நாலாவது அடுக்கு, அடியேன். புளூடூத் செட்டு. மஞ்சள் வயர் எப்பவும் பேட்டரியில, சிவப்பு சாவியில, கறுப்பு பாடியில. நான் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து நேரா பேட்டரிக்குக் குடுத்துட்டேன். சாவியை எடுத்தும் செட்டு அணையலை, யாரும் கவனிக்கலை. மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்குத் தோட்ட வேலைக்குப் போற அக்காமார்கள் தூக்குவாளியோட இறங்கி வண்டியைத் தள்ளினாங்க. எஞ்சினியரைப் பத்தி அவங்க சொன்னதை இங்கே எழுத முடியாது :)

வயரைச் சரி பண்ணிட்டு, நானும் கூடப் போனேன். மாமா சவுண்டைக் கூட்டிக்கிட்டே போனார். "புது செட்டுல சத்தமே இல்லையேடா மாப்ள." பின்னாடியிருந்து ஒரு அக்கா, "ஏற்கனவே காது கிழியுதுண்ணே"ன்னாங்க. முந்தல் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சுது. ஒரு கொண்டை ஊசி வளைவுல மேலேர்ந்து பஸ் ஒண்ணு விடாம ஹாரன் அடிச்சுட்டு இறங்குது. எனக்குக் கேட்குது, பின்னாடி பன்னெண்டு பேருக்கும் கேட்குது. மாமாவுக்குக் கேட்கலை. எல்லாரும் சேர்ந்து கத்தினப்புறம்தான் பிரேக்கை மிதிச்சார். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும்.

யாரும் பேசலை. மாமாவே செட்டை அணைச்சார்.

நாப்பது வருஷம் டீசல் எஞ்சின் பக்கத்துல உட்கார்ந்த காது. பழைய செட்டு ரிப்பேரே இல்லையோன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. வீட்டுக்கு வந்து அதை பேட்டரியில குடுத்துப் பார்த்தேன். நல்லாத்தான் பாடுச்சு.

தேனியில காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல போயிருச்சுன்னார். மாமா எதுவும் சொல்லலை. மறுநாள் காலையில சாவியைத் தன் மகன்கிட்ட குடுத்துட்டு இடது பக்க சீட்டுல ஏறி உட்கார்ந்தார்.

இப்பவும் தினமும் போறார். பாட்டு மாத்தறது அவர் பொறுப்பு. முந்தல் வந்ததும் செட்டை அணைக்கிறதும் அவர்தான்.