செயலியின் மூலநிரல் யார் கையில்?

நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் திறன்பேசியைக்கூடச் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்ட வேண்டிய நிலை பலருக்கும் நேர்ந்திருக்கும். திரையில் பழுது இருக்காது. மின்கலம் ஒரு பகல் முழுவதும் தாங்கும். ஆனால், தயாரித்த நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்தியிருக்கும். இப்படிக் கைவிடப்பட்ட கருவிகளுக்கு மறுவாழ்வு அளிப்பவர்கள், உலகின் பல மூலைகளில் இருந்து இணையவழி ஒன்றுகூடும் தன்னார்வ நிரலாளர்கள். லினியேஜ் ஓஎஸ், உபுண்டு டச் போன்ற இயங்குதளங்கள் அவர்களின் உழைப்பில்தான் நிற்கின்றன. இத்தளங்களில் பயன்படுத்தும் செயலிகள் திறந்த மூலமாக இருப்பதற்கும் மூடிய மூலமாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, தொழில்நுட்பர்களின் உள்விவகாரமல்ல; வாங்கிய கருவியின் மீது நமக்குள்ள உரிமை பற்றியது.

மூலநிரல் என்பது மனிதர் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க வடிவில் எழுதப்படும் நிரல். கைப்பேசியில் நாம் நிறுவுவது அதிலிருந்து உருவாக்கப்படும் இயந்திர வடிவம். திறந்த மூல உரிமத்தில் வெளியாகும் செயலியின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். மூடிய மூலச் செயலியில் இந்த உரிமைகள் அதை உருவாக்கியவரிடமே இருக்கும். விலையில்லாமல் கிடைப்பதாலேயே ஒரு செயலி திறந்த மூலமாகிவிடாது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் வாட்ஸ்ஆப் இலவசம்தான். ஆனால், மூடிய மூலம்.

2008-இல் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த மூலமே. அதன்மீது அமரும் ஜிமெயில், கூகுள் வரைபடம், பிளே ஸ்டோர் போன்றவை மூடியவை. இந்த எல்லைக்கோடு 2009-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. ஸ்டீவ் காண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்னும் மாற்று இயங்குதளம், கூகுளின் செயலிகளையும் சேர்த்தே வழங்கியது. உரிமம் இல்லாமல் அவற்றை வழங்கக் கூடாது என்று கூகுள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அச்செயலிகள் நீக்கப்பட்டன, வேண்டுவோர் தனியே நிறுவிக்கொள்ளும் வழக்கம் வந்தது. 2016-இன் இறுதியில் சயனோஜென்மாட் நின்றுபோனபோது, மூலநிரல் திறந்திருந்ததால் அதே சமூகம் லினியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தது. உபுண்டு டச்சின் கதையும் இதுதான். 2017-இல் கனானிகல் நிறுவனம் அதைக் கைவிட, யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு ஏற்றுக்கொண்டது.

செயலிகளின் நிலையோ இருவகைப்பட்டது. டெலிகிராமின் பயனர் பக்க நிரல் திறந்திருப்பதால், உபுண்டு டச்சுக்கென டெலிபோர்ட்ஸ் என்ற செயலியைத் தன்னார்வலர்களால் உருவாக்க முடிந்தது. மூடிய மூலச் செயலியோ அதன் உரிமையாளர் மனம் வைத்தால் மட்டுமே புதிய தளத்துக்கு வரும். சில ஆயிரம் பயனர்களுக்காக எந்த நிறுவனம் மெனக்கெடும்?

இந்த வேறுபாட்டின் முழுப் பொருளை உணர்த்தியது பெருந்தொற்றுக் காலம். 2020 ஜூனில் ஜெர்மனி வெளியிட்ட கொரோனா எச்சரிக்கைச் செயலி திறந்த மூலமாக இருந்தது. ஆனால், ஆண்ட்ராய்டில் அது கூகுளின் மூடிய சேவையொன்றைச் சார்ந்தே இயங்கியது. கூகுள் சேவைகள் இல்லாத கைப்பேசி வைத்திருந்தோர் ஒரு பொதுச் சுகாதார ஏற்பாட்டுக்கு வெளியே நின்றனர். அந்தச் சேவைக்கு ஈடான திறந்த நிரலை மைக்ரோஜி என்ற திட்டத்தினர் எழுதினர். அரசுச் செயலியின் மூலநிரலும் கைவசம் இருந்ததால், இரண்டையும் இணைத்த மாற்று வடிவத்தை அதே ஆண்டு டிசம்பரில் தன்னார்வலர்கள் எஃப்-டிராய்டு செயலிக் களஞ்சியத்தில் வெளியிட்டனர். அரசு மூலநிரலை மூடி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. இந்தியாவும் ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரலை 2020 மே 26 அன்று வெளியிட்டது; செயலி அறிமுகமாகி ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகே அது நிகழ்ந்தது.

மூடிய மூலத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நிரல் எழுதுவோர் உழைப்புக்கு ஊதியம் வேண்டும். வங்கிகளுக்கு மோசடியைத் தடுக்கும் பொறுப்பு உண்டு. அதற்காகப் பல வங்கிச் செயலிகள், கூகுளின் சரிபார்ப்பில் தேறாத இயங்குதளங்களில் இயங்க மறுக்கின்றன. ஆயினும், ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத ஒரு கைப்பேசி நிறுவனச் சான்று இருப்பதாலேயே தேறிவிடுவதும், தவறாமல் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் சமூக இயங்குதளம் தோற்பதும் நிகழ்கின்றன. அங்கே அளக்கப்படுவது பாதுகாப்பா, சான்றிதழா?

திறந்த மூலம் என்றாலே பாதுகாப்பு என்று நம்புவதும் பிழை. 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற திறந்த மூலக் கருவியில் திட்டமிட்டு ஒரு பின்வாசல் புகுத்தப்பட்டிருந்தது அம்பலமானது. எல்லாரும் பார்க்கலாம் என்பதாலேயே எவரேனும் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடாது. 2023-இன் இறுதியில், சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற திறந்த மூலச் செயலித் தொகுப்பு ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பயனர்கள் கலங்கினர். ஆனால், உரிமம் தந்த உரிமையைக் கொண்டு, அதன் நிரலிலிருந்தே ஃபாசிஃபை என்ற புதிய தொகுப்பு பிறந்தது. திறந்த மூலம் தவறுகளைத் தடுக்கும் மந்திரமல்ல. தவறு நேர்ந்த பின் மீள்வதற்கான வழி.

அந்த வழி குறுகிவருகிறது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் செயலிகளை உருவாக்குவோர், பிளே ஸ்டோருக்கு வெளியே வழங்கினாலும் தங்கள் அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. தீய செயலிகளைத் தடுப்பதே நோக்கம் என்றது. தங்கள் களஞ்சியத்தின் இருப்பையே இது அசைத்துவிடும் என எஃப்-டிராய்டு எதிர்த்தது. எதிர்ப்புகளுக்குப் பின், அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி இருக்கும் என கூகுள் கூறியது. எவரைக் கேட்டு எதை நிறுவுவது என்ற முடிவு ஒரே நிறுவனத்திடம் குவிந்திருப்பதை இச்சம்பவம் காட்டிவிட்டது.

எல்லாச் செயலிகளும் திறந்த மூலமாக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியதில்லை. விளையாட்டுச் செயலி மூடியிருப்பதால் குடிமக்கள் உரிமை எதையும் இழப்பதில்லை. ஆனால், மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் செயலிகளின் மூலநிரல் மக்களுக்கு உரியது. சுவிட்சர்லாந்து, தன் கூட்டரசு உருவாக்கும் மென்பொருள்களின் மூலநிரலைச் சில விதிவிலக்குகளுடன் வெளியிட வேண்டும் என்று சட்டமே இயற்றி, 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. அரசுச் சேவைகளையும் வங்கிச் சேவைகளையும் கைப்பேசிக்குள் கொண்டுசெல்லும் நம் நாடும் இதைப் பின்பற்றலாம். குறைந்தபட்சம், இன்றியமையாத சேவை எதுவும் ஒரு தனியார் நிறுவனத்தின் சான்று பெற்ற கருவியில்தான் கிடைக்கும் என்ற நிலையைத் தவிர்க்கலாம். பழைய கைப்பேசியைப் பழுதுநீக்கிப் பயன்படுத்துவோரைக் குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்க எந்தச் செயலிக்கும் உரிமையில்லை.