அமெரிக்கக் கிறித்தவ வீட்டுக் கல்வி: வழக்குகளும் வழிமுறைகளும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் பாடம் கற்பிக்கும் முறை வீட்டுக் கல்வி எனப்படுகிறது. ஹோம்ஸ்கூலிங் என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை பரவியதில் கிறித்தவக் குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அக்குடும்பங்களுக்கு இன்று வழங்கப்படும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை: பதிவேடு வைத்திருங்கள், பாட நேரத்தைக் குறுக்குங்கள், பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், தனித்து நிற்காமல் பிற குடும்பங்களோடு சேருங்கள். இவற்றில் பல, அக்குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகச் சந்தித்த வழக்குகள், தனிமை, சோர்வு ஆகியவற்றோடு தொடர்புடையவை. அந்த வரலாற்றை அறிந்தால் ஒவ்வோர் அறிவுரையும் எதற்காக நிலைத்தது என்பது விளங்கும்.

வீடே பள்ளியாக இருந்த காலம்

அமெரிக்காவில் வீட்டில் கற்பது பழைய வழக்கம். கட்டாயப் பள்ளிதான் பின்னர் வந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1642-இல் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளைகளுக்கும் தொழில் பழகுவோருக்கும் வாசிக்கக் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றோர் மீதும் எசமானர் மீதும் சுமத்தியது. ஒவ்வொருவரும் விவிலியத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்ற பியூரிட்டன் கிறித்தவரின் நம்பிக்கை அதன் பின்னணியில் இருந்தது. 1647-இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி, 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும். ஆயினும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை.

அக்கட்டாயம் 1852-இல் அதே மாசசூசெட்ஸில் தொடங்கியது. 1918-இல் மிசிசிப்பியும் சட்டம் இயற்றியதோடு அன்றைய மாநிலங்கள் அனைத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் வீட்டுப் பாடம் விதிவிலக்காகச் சுருங்கியது. பால்டிமோர் நகரின் கால்வெர்ட் பள்ளி 1906 முதல் அஞ்சல்வழிப் பாடங்களை அனுப்பிவந்தது. வெளிநாடுகளில் பணியாற்றிய கிறித்தவ மறைப்பணியாளர் குடும்பங்களும் அவற்றைப் பயன்படுத்தின.

நீதிமன்றத்துக்கு வந்த கேள்வி

பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்க வேண்டியவர் பெற்றோரா, அரசா? ஓரிகன் மாநிலம் 1922-இல் கொண்டுவந்த சட்டம், பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்றது. கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்திய அருட்சகோதரியர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1925-இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. பிள்ளையின் வளர்ப்பையும் கல்வியையும் வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று கூறிய அத்தீர்ப்பு, பள்ளிகளை நியாயமான முறையில் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதையும் ஏற்றது. பின்வந்த வழக்குகள் பலவும் இவ்விரு கூறுகளுக்கும் இடையில்தான் நடந்தன.

1950-இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தில் லெவிசன் வழக்கு முடிவுக்கு வந்தது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த பெற்றோர், தங்கள் மகளுக்கு நாள்தோறும் ஐந்து மணிநேரம் வீட்டிலேயே கற்பித்தனர். அச்சிறுமி தன் வயதொத்த மாணவர்களுக்கு இணையான தேர்ச்சி பெற்றிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் கல்வி பெற வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம், எந்த இடத்தில் பெற வேண்டும் என்பதல்ல என்று நீதிமன்றம் கருதியது. அவ்வீட்டுக் கல்வியைத் தனியார் பள்ளியாக அது ஏற்றுக்கொண்டது.

1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் யோடர் வழக்கு ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை எட்டியது. ஆமிஷ் கிறித்தவப் பெற்றோர் மூவர், தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததால் தலா 5 டாலர் அபராதம் பெற்றிருந்தனர். நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் ஆமிஷ் மக்களின் தனித்த வாழ்க்கை முறையையே அது பெரிதும் சார்ந்திருந்தது. ஆகவே பிற கிறித்தவக் குடும்பங்கள் அதை எளிதில் துணைக்கு அழைக்க முடியவில்லை.

இயக்கம் உருவாதல்

அரசுப் பள்ளிகள் நடத்தும் வழிபாட்டையும் விவிலிய வாசிப்பையும் உச்ச நீதிமன்றம் 1962, 1963 ஆண்டுகளின் தீர்ப்புகளில் அரசமைப்புக்கு முரணானவை என்றது. பழைமைவாதக் கிறித்தவப் பெற்றோர் பலர் பள்ளியை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியதற்கு இவை ஒரு காரணம். அதே காலத்தில் சமயம் சாராத மற்றொரு குரலும் எழுந்தது. பள்ளி அச்சத்தையே வளர்க்கிறது என்று எழுதிய ஆசிரியர் ஜான் ஹோல்ட், வீட்டில் கற்கும் குடும்பங்களுக்காக 1977-இல் ஓர் இதழைத் தொடங்கினார்.

கிறித்தவக் குடும்பங்களிடம் மிகுந்த தாக்கம் செலுத்தியவர்கள் ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதியர். அட்வென்டிஸ்ட் சபையினரான இவர்கள், அவசரத்தைவிடத் தாமதம் நல்லது என்று பொருள்தரும் தலைப்பில் 1975-இல் ஒரு நூலை வெளியிட்டனர். எட்டு முதல் பத்து வயதுவரை முறைசார்ந்த பாடத்தைத் தள்ளிவைக்கலாம் என்பது அவர்களின் வாதம். படிப்பு, உடலுழைப்பு, பிறருக்குத் தொண்டு ஆகிய மூன்றும் அன்றாடம் கலந்திருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினர். உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சனின் கிறித்தவ வானொலி நிகழ்ச்சியில் ரேமண்ட் மூர் தோன்றிப் பேசியபின் இக்கருத்து எண்ணற்ற வீடுகளுக்குச் சென்றது.

அச்சத்தின் ஆண்டுகள்

1980-களில் பல மாநிலங்களில் வீட்டுக் கல்வியின் சட்டநிலை தெளிவாக இல்லை. பெற்றோர் சிலர் குற்ற வழக்குகளைச் சந்தித்தனர். பள்ளி நேரத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடவே அஞ்சிய குடும்பங்கள் உண்டு. இச்சூழலில் 1983-இல் வழக்கறிஞர்கள் மைக்கேல் ஃபாரிஸ், மைக்கேல் ஸ்மித் ஆகியோர் வீட்டுக் கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். உறுப்பினர் கட்டணம் செலுத்திய குடும்பங்களுக்கு அது நீதிமன்றத்தில் துணைநின்றது.

டெக்சஸ் மாநிலத்தில் பெற்றோர் 1985-இல் கூட்டாகத் தொடுத்த லீப்பர் வழக்கில், 1987-இல் விசாரணை நீதிமன்றமும் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை உண்மையாகக் கற்பிக்கும் வீடு தனியார் பள்ளியாகக் கருதப்பட்டது. மிச்சிகனில் அரசுச் சான்றிதழ் பெற்ற ஆசிரியரே கற்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. சமய நம்பிக்கையால் அதை மறுத்த டியாங் தம்பதியரின் வழக்கில், 1993-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் அவர்கள் பக்கம் நின்றது.

1994 பிப்ரவரியில் காங்கிரசின் கல்வி மசோதா ஒன்றில் ஆசிரியர் சான்றிதழ் பற்றிய பிரிவு சேர்ந்திருந்தது. அது வீடுகளையும் கட்டுப்படுத்தும் என்று பெற்றோர் அஞ்சினர். நாடெங்குமிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் காங்கிரஸ் அலுவலகங்கள் திணறின. பிரதிநிதிகள் அவை 424-க்கு 1 என்ற வாக்கில் அப்பிரிவை நீக்கியது.

அனுபவம் தந்த வழிமுறைகள்

பதிவேடு: வழக்குக் காலத்தில் பெற்றோருக்குக் கைகொடுத்தது சான்றுதான். லெவிசன் குடும்பம் வென்றதற்கு மகளின் தேர்ச்சியைக் காட்ட முடிந்ததும் ஒரு காரணம். இன்று விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. டெக்சஸில் அரசுக்கு முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை. பென்சில்வேனியாவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 நாள் அல்லது தொடக்க நிலையில் 900 மணிநேரக் கல்வி, பணித்தொகுப்பு, தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடு ஆகியவை வேண்டும். எனவே முதலில் தம் மாநிலச் சட்டத்தைப் படித்தறிவதே பெற்றோரின் முதல் வேலை. படித்த நூல்களின் பட்டியல், மாதத்துக்குச் சில எழுத்து மாதிரிகள், நாள் குறித்த வருகைப் பதிவு ஆகிய மூன்றும் சட்டம் கேட்காத இடத்திலும் பயன்படும். பின்னாளில் கல்லூரி சேர்க்கைக்கும் உதவும்.

குறுகிய பாடம்: இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் வீட்டுக் கல்வி பற்றிய தம் நூலை 1886-இல் வெளியிட்டார். இளஞ்சிறார்க்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஒருமுறை வாசித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும், நாள்தோறும் வெளியே சென்று இயற்கையைக் காண வேண்டும் என்பவை அவர் காட்டிய வழிகள். 1984-இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய நூல் இவரை அமெரிக்கக் கிறித்தவ வீடுகளுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. செலவு குறைவு என்பதால் பல பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இம்முறை பொருந்துகிறது.

பள்ளியைப் படியெடுக்காமை: கரும்பலகை, மணி, பாடவேளை எனத் தொடங்கும் வீடு சில மாதங்களில் சோர்ந்துவிடலாம். விவிலியம், வரலாறு, கதை வாசிப்பு ஆகியவற்றை எல்லா வயதினருக்கும் ஒன்றாக நடத்தி, கணிதத்தையும் எழுத்தையும் மட்டும் தனித்தனியே கற்பித்தால் தாயின் சுமை குறையும். சமையலும் தோட்ட வேலையும் பாடத்துக்கு இடையூறு என்று கருத வேண்டியதில்லை; மூர் தம்பதியர் அவற்றைக் கல்வியின் ஒரு பகுதியாகவே எண்ணினர்.

துணை: ஒளிந்து கற்பித்த காலத்தின் தனிமையே உதவிக் குழுக்களுக்கு வித்திட்டது. சில குடும்பங்கள் வாரம் ஒருமுறை திருச்சபைக் கூடத்தில் கூடும் ஏற்பாடு கோ-ஆப் எனப்படுகிறது. அறிவியல் தெரிந்தவர் சோதனைகளையும் இசை தெரிந்தவர் பாடலையும் கற்பிக்கின்றனர். கற்பிக்கும் பணி பெரும்பாலும் தாயின் மீதே விழுவதால், தந்தை ஒரு பாடத்தையாவது ஏற்பது குடும்பத்துக்குப் பெருந்துணை. ஒரு மோசமான வாரத்தைக் கொண்டு ஓர் ஆண்டை எடைபோட வேண்டாம் என்பது அனுபவமுள்ள தாய்மார் புதியவர்களுக்குச் சொல்லும் ஊக்கம்.

வளர்ச்சியும் விமர்சனமும்

கல்விப் புள்ளியியல் தேசிய மையத்தின் கணக்குப்படி, வீட்டில் கற்ற மாணவர் 1999-இல் சுமார் 8,50,000 பேர். 2007-இல் சுமார் 15 லட்சம் பேர். 2007-இல் 36 விழுக்காட்டுப் பெற்றோர் சமய அல்லது ஒழுக்கக் கல்வியை மிக முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டனர். கொரோனா பெருந்தொற்றின்போது வீட்டுக் கல்வியை மேற்கொண்ட குடும்பங்களின் அளவு, 2020 வசந்தத்தில் 5.4 விழுக்காடாக இருந்து அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடானது என மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தெரிவித்தது.

விமர்சனமும் கூடவே வளர்ந்தது. வீட்டில் கற்று வளர்ந்த முன்னாள் மாணவர் சிலர் 2013-இல் ஓர் அமைப்பை நிறுவிக் குறைந்தபட்சக் கண்காணிப்பைக் கோரினர். வெளியார் எவரும் பாராத வீட்டில் கல்விப் புறக்கணிப்போ கொடுமையோ நிகழ்ந்தால் பிள்ளைக்கு உதவி கிட்டாது என்பது அவர்களின் கவலை. கட்டுப்பாடு கூடினால் நன்றாகக் கற்பிக்கும் குடும்பங்களே துன்புறும் என்பது சட்டப் பாதுகாப்புச் சங்கத்தின் நிலைப்பாடு.

இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் 1925-இன் தீர்ப்பு பெற்றோரின் உரிமையையும் அரசின் பொறுப்பையும் சேர்த்தே பேசியது. 1950-இல் லெவிசன் பெற்றோர் தங்கள் மகள் உண்மையில் கற்றிருந்தாள் என்று காட்டினர். பதிவேட்டைத் திறந்து காட்டவும், பிள்ளையை வெளி ஆசிரியர்களோடும் பிற குடும்பங்களோடும் பழகவிடவும் தயங்காத குடும்பம் அந்த இரண்டுக்கும் ஒருசேர விடையளிக்கிறது. பிள்ளை எங்கே கற்றது என்பதைவிட, என்ன கற்றது என்பதையே அவ்வழக்கு முதலில் கேட்டது.