அச்சு தந்த ஊர்வலம்: மைசூரு நவராத்திரிப் பொம்மைகளின் படியெடுப்பு வரலாறு

மைசூரு தசராவைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரண்மனை, யானை, அம்பாரி என்ற மூன்றையே சுற்றி வருகின்றன. அதே பத்து நாள்களில் அந்நகரத்து வீடுகளின் கூடத்தில் படி கட்டி வைக்கப்படும் பொம்மைகளைப் பற்றி எழுதியவர்கள்கூட அவற்றின் புராணக் காட்சிகளையும் வழிபாட்டு முறையையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பொம்மைகள் எப்படிச் செய்யப்பட்டன, ஒன்று எப்படி நூறானது என்ற கேள்வி ஓரத்தில் கிடக்கிறது. அரண்மனை விழா வீட்டு விழாவாக மாறியதற்குச் செய்முறையே முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தச் செய்முறைக்கு அச்சு என்று பெயர்.

மைசூரு அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றி 1610-இல் அங்கே தசராவைத் தொடங்கினார். 1799-க்குப் பின் தலைநகரம் மைசூருக்கு மாறியபோது விழாவும் உடன் வந்தது. அரண்மனையின் கொம்பெ தொட்டி எனப்படும் பொம்மை மண்டபத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த பொம்மைகள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. பழைய அரண்மனை 1897-இல் ஓர் அரச குடும்பத் திருமணத்தின்போது தீக்கிரையானது. ஹென்றி இர்வின் வரைந்த திட்டத்தின்படி 1912-இல் புதிய அரண்மனை எழுந்தது.

நகர மக்களின் வீடுகளில் கொலுவின் தலைமை இடம் பட்டத கொம்பெ எனப்படும் ராஜா ராணி இணைக்கு உரியது. நம் மரப்பாச்சியைப் போல இதுவும் மரத்தில், பெரும்பாலும் செஞ்சந்தனத்தில் செதுக்கப்படுவது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொடுத்தனுப்பும் இந்த இணை ஆண்டுதோறும் புது உடை உடுத்திக்கொண்டு மேற்படியில் அமர்கிறது. உளி வேலை என்பதால் ஓர் இணையைப் போல இன்னோர் இணை இருக்காது. தலைமுறை தாண்டி நிலைக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

கீழ்ப்படிகளுக்கு வருவோம். தசரா ஊர்வலம், தர்பார், கல்யாணக் கோலம், கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் தம்பதி. ஊர்வலம் என்றால் யானைக்கு முன்னும் பின்னும் காலாட்கள் வேண்டும், குதிரை வீரர்கள் வேண்டும், பேண்டு வாத்தியக்காரர்கள் வேண்டும். இருபது காலாட்களை ஒவ்வொருவராகச் செதுக்கி ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு விற்க எந்தத் தச்சராலும் முடியாது. ஒரே முகம், ஒரே நிமிர்வு, ஒரே துப்பாக்கிப் பிடி. தலைப்பாகையின் நிறம் மட்டும் மாறுகிறது. அந்த அணிவகுப்பைச் சாத்தியமாக்கியது அச்சுதான். அரசனை உளி செய்தது, அவன் படையை அச்சு செய்தது.

தக்காணத்துக்கு அச்சு புதிதன்று. சாதவாகனர் காலத்தைச் சேர்ந்த மகாராஷ்டிரத்துத் தேர், தெலங்கானாவின் கொண்டாபூர் ஆகிய இடங்களில் கிடைத்த வெண்களிமண் உருவங்கள் இரட்டை அச்சில் செய்யப்பட்டவை. முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் மண் தகட்டை அழுத்தி எடுத்து, விளிம்புகளில் மண் குழம்பு தடவி ஒட்டினால் உள்ளே வெற்றிடமுள்ள முழு உருவம் கிடைக்கும். சூளையில் வெடிக்காமலிருக்க ஒரு துளை விடுவார்கள். வட இந்தியாவில் அதற்கு முன்பு பரவலாக இருந்தது ஒற்றை அச்சு. அதில் கிடைப்பது பின்புறம் தட்டையான பலகை உருவம் மட்டுமே. ஒற்றை அச்சிலிருந்து இரட்டை அச்சுக்கு வந்தது பெரிய தாவல், ஏனென்றால் அப்போதுதான் உருவம் சுவரை விட்டு விலகித் தானே நின்றது. நாணயங்களையும் களிமண் அச்சில் வார்த்திருக்கிறார்கள். தொல்தாவரவியல் அறிஞர் பீர்பல் சாஹ்னி 1936-இல் ரோத்தக் அருகே கோக்ராகோட்டில் யௌதேயர் என்ற பண்டைக் குடியின் நாணய அச்சுகளைக் கண்டெடுத்து, பண்டை இந்திய நாணய வார்ப்பு முறை பற்றி 1945-இல் தனி நூலே வெளியிட்டார். நாணயத்தை விட்டுவிட்டு அச்சை ஆராய்ந்த அந்தப் பார்வைதான் பொம்மை ஆய்வுக்கும் தேவைப்படுகிறது.

இன்று மைசூருக் கடைவீதிகளில் நவராத்திரிக்கு முன் குவியும் பொம்மைகளில் கணிசமானவை தமிழகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் செல்கின்றன. பண்ருட்டியின் மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும், காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவின் வேலைகளும், மதுரையை அடுத்த விளாச்சேரியின் மண் உருவங்களும் இந்தச் சந்தைக்கு உரியவை. இந்த ஊர்களில் வேலை நடக்கும் வரிசை ஏறத்தாழ ஒன்றே. கைதேர்ந்த ஒருவர் களிமண்ணில் மூல உருவத்தைப் பிடிக்கிறார். அதன்மேல் அச்சு எடுக்கிறார்கள். அதன்பின் மண்ணோ காகிதக்கூழோ அச்சுக்குள் அழுத்தப்படுகிறது. பாதிகளைப் பிரித்தெடுப்பது, ஒட்டுவது, தையலைத் தேய்ப்பது, காயவைப்பது, மண்ணானால் சுடுவது, வெள்ளையடித்து வண்ணம் தீட்டுவது எல்லாம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடக்கும் குடும்ப வேலை. மூல உருவம் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு தெருவுக்கு ஓரிருவர் இருந்தால் போதும். அச்சில் அழுத்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். திறமையை ஓரிடத்தில் குவித்து உழைப்பைப் பலரிடம் பிரித்துக்கொடுத்ததுதான் பொம்மை மலிவானதன் இரகசியம்.

அச்சு உருவத்தின் தோற்றத்தையும் தீர்மானித்தது. இறுகிய அச்சிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால் அதில் உட்குடைவு இருக்கக்கூடாது. நீட்டிய கை, கையிடுக்கு, காலிடைவெளி ஆகியவை அச்சில் சிக்கிக்கொண்டு உடையும். பழைய கொலுப் பொம்மைகளைக் கவனியுங்கள். கைகள் மார்போடு ஒட்டிக் குவிந்திருக்கும், இல்லையேல் இடுப்பில் படிந்திருக்கும். புடவை தரைவரை விழுந்து கால்களை மூடும். அடிப்பீடம் அகன்றிருக்கும். இவற்றைப் பக்தி பாவம் என்றோ அடக்கத்தின் அடையாளம் என்றோ விளக்குவோர் உண்டு. பக்தி இருக்கலாம், ஆனால் அச்சைத் திறக்க வேண்டிய கட்டாயம் அதைவிட வலுவானது. மகிஷாசுரமர்த்தினியின் பல கைகளைத் தனித்தனியே வார்த்துப் பின்னர் பொருத்துவதும் இதே காரணத்தால்தான். பழைய துர்க்கைப் பொம்மைகளில் முதலில் உடைவது தோள்மூட்டாக இருப்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலைப்பள்ளிகள் வழியாகப் பரவியது பெரிய திருப்பம். மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, 1857-இல் தொடங்கிய பம்பாய் ஜே.ஜே. பள்ளி போன்றவற்றில் பிளாஸ்டர் வார்ப்பு பாடமாகவும் கருவியாகவும் இருந்தது. லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1873-இல் பிளாஸ்டர் படிகளுக்கென்றே பிரம்மாண்டமான கூடங்களைத் திறந்தது. உலகச் சிற்பங்களின் படிகளைப் பார்த்தே கலை கற்கலாம் என்று நம்பிய காலம் அது. மைசூரிலும் 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சாமராஜேந்திரத் தொழில்நுட்பப் பயிலகம் கைவினைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அதன் வழிவந்த சாமராஜேந்திரக் காட்சிக்கலை அகாதெமி இன்றும் சிற்பம் கற்பிக்கிறது. புதிய அரண்மனையே வார்ப்புக் கலையின் காட்சிசாலைதான். கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் கிளாஸ்கோவில் வால்டர் மெக்ஃபார்லேனின் ஆலையில் வார்க்கப்பட்டுக் கப்பலேறி வந்தவை. வளாகத்தின் வெண்கலப் புலிகள் ஆங்கிலச் சிற்பி ராபர்ட் வில்லியம் கோல்டனின் கைவண்ணம்.

பிளாஸ்டரின் வேதியியல் எளியது. ஜிப்சம் கல்லை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறித் தூளாகும். அந்தத் தூளில் மீண்டும் நீர் சேர்த்தால் சூடு கக்கிக்கொண்டே கல்லாக இறுகும். இறுகும்போது சுருங்காமல் மிகச் சிறிதளவு விரிவதால் மூலத்தின் நுண்கோடுகள்கூட அச்சில் பதிகின்றன. நுண்துளைகள் நிறைந்திருப்பதால் ஈரமண்ணின் நீரை அச்சே உறிஞ்சுகிறது, பொம்மை தானாகவே அச்சை விட்டு விலகுகிறது. சுட்ட மண் அச்சும் நீரை உறிஞ்சும். ஆனால் அது சுடும்போது தானும் சுருங்கிவிடும். பொம்மை வரலாற்றில் இந்த வேறுபாடு பெரிது.

ஈரக் களிமண் காய்ந்து சுடப்படும்போது மண்ணின் தன்மையைப் பொறுத்து ஏறத்தாழ 8 முதல் 12 விழுக்காடு சுருங்குகிறது. 30 சென்டிமீட்டர் அச்சில் பிறந்த பொம்மை சுமார் 27 சென்டிமீட்டரில் நிற்கும். மூலம் கைக்கு எட்டாத ஒருவர் கடையில் வாங்கிய அந்தப் பொம்மையின் மேலேயே அச்சு எடுத்து மண்ணில் வார்த்தால் அடுத்தது சுமார் 24 சென்டிமீட்டர். அதற்கடுத்த தலைமுறை 22-ஐத் தொடும். மூக்கின் கூர்மையும் நகையின் மணிகளும் ஒவ்வொரு படியிலும் மழுங்கும். மழுங்கிய புருவத்தைத் தூரிகை ஈடுசெய்யும். தனக்ரா என்ற கிரேக்க ஊரின் சுடுமண் உருவங்களை ஆராய்ந்தோர் இந்தச் சுருக்கத்தைக் கொண்டே எது தாய், எது மகள், எது பேத்தி என்று வம்சவரிசை கண்டார்கள்.

மைசூரு, தமிழகப் பொம்மைகளுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. மண் பொம்மைகளை நிறத்தை வைத்துக் காலம் கணிப்பது தவறான வழி, ஏனெனில் கொலுப் பொம்மைகளுக்கு வீட்டார் மறுவண்ணம் தீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உயரம், கண்ணுக்கும் வாய்க்கும் இடையிலான தூரம், பீடத்தின் அகலம் ஆகிய மூன்றையும் கலிப்பர் வைத்து அளந்தால், மண் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நடப்பதால், ஒரே மூலத்தின் வழித்தோன்றல்கள் தாமாகவே ஒரு வரிசையில் வந்து நிற்கும். ஓர் ஊரின் அச்சு எந்த ஊருக்குப் பயணம் போனது என்பதை இதைவிட நேராகச் சொல்லும் சான்று வேறில்லை.

அச்சில் படை செய்யும் இதே வேலை ஐரோப்பாவில் உலோகத்தில் நடந்தது. நூரம்பர்க்கின் தட்டை ஈயப் படைவீரர்கள் பலகைக்கல்லில் வெட்டிய அச்சில் பிறந்தவர்கள். லண்டனின் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உட்கூடு வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவிலுள்ளதைக் கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சம், விலை குறைவு. ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி வார்ப்பதை இன்று யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. அதன் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த சிலிக்கோன் ரப்பர், அறை வெப்பத்திலேயே இறுகும் வடிவில், கைவினைஞர்களிடமும் பின்னர் பொழுதுபோக்குக்காரர்களிடமும் சேர்ந்தது. வளையும் அச்சு என்பதால் உட்குடைவு என்ற பழைய தடை ஏறக்குறைய நீங்கியது. மூலத்தைப் பாதிவரை எண்ணெய்க் களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் அட்டைப்பெட்டிச் சுவர் எழுப்பி, இரு பாதிகளும் பூட்டிக்கொள்ளச் சிறு குழிகள் பதித்து, சிலிக்கோனை ஒரு மூலையில் மெல்லிய நூலாக ஊற்றினால் காற்றுக்குமிழி குறையும். இறுகியபின் திருப்பிப் போட்டு, களிமண்ணை நீக்கி, பிரிபூச்சு தடவி, மறுபாதியை ஊற்ற வேண்டும். ஓர் எச்சரிக்கை உண்டு. பிளாட்டின வினையூக்கி உள்ள சிலிக்கோன், கந்தகம் கலந்த களிமண் பட்டால் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் பகை. மைசூரின் மழைமாதங்களில் அது நுரைத்துப் பொங்கிக் கெடுவது இயல்பு. பிளாஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை.

இந்தப் புதிய வசதியின் சிறந்த பயன் பழுதுபார்ப்பில்தான். பாட்டி காலத்து ஊர்வலத்தில் ஒரு காலாளின் தலை உடைந்துவிட்டால், உடையாத இன்னொருவனின் தலையில் சிறு அச்சு எடுத்து, வார்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டலாம். அச்சில் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே முகத்தவர் என்பதால் ஒருவன் இன்னொருவனுக்கு மாற்றாக நிற்க முடிகிறது. செதுக்கிய பட்டத கொம்பெக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆனால் கொலுத் தெருக்களில் இன்று மூல உருவம் பிடித்து விற்பவரின் பொம்மையை வாங்கி, சிலிக்கோனில் படியெடுத்து மலிவாக விற்பது வேறு விஷயம். மண் அச்சுக் காலத்தில் சுருக்கமும் மழுங்கலும் திருட்டுப்படியைக் காட்டிக்கொடுத்தன. சிலிக்கோனின் சுருக்கம் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்பதால், அதில் மண்ணுக்குப் பதில் பிளாஸ்டரோ ரெசினோ வார்த்தால் அந்தச் சாட்சி மறைந்துவிடுகிறது. மூலம் பிடிப்பவருக்கு உரிய விலை கிடைக்காவிட்டால் புதிய மூலங்கள் பிறக்கமாட்டா. பழையவற்றின் படிகளே சுற்றிச்சுற்றி வரும்.

பொருள் பற்றியும் ஒரு சொல். நீர்நிலைகளில் கரைக்கும் உருவங்களுக்குப் பிளாஸ்டர் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் 2020-ஆம் ஆண்டுத் திருத்திய வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொலுப் பொம்மை கரைக்கப்படுவதில்லை, பெட்டிக்குத் திரும்புகிறது. ஆனால் உடைந்ததை ஏரியில் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வீட்டில் வார்ப்பவர்கள் காகிதக்கூழுக்கும் மண்ணுக்கும் திரும்புவது நல்லது. அச்சு பிளாஸ்டரில் இருக்கட்டும், பொம்மை மண்ணாக இருக்கட்டும்.

பொம்மைகளைச் சேகரிக்கும் அருங்காட்சியகங்கள் அச்சுகளையும் சேகரிக்கத் தொடங்க வேண்டும். தேய்ந்த அச்சைக் கைவினைக் குடும்பங்கள் குப்பையில் போடுகின்றன, ஏனெனில் அவர்களுக்கு அது பயன் முடிந்த கருவி. ஆய்வாளருக்கு அதுவே மூலச்சான்று. மைசூரிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கும் பழைய அச்சுகளை அளந்து, படமெடுத்து, செய்தவர் பெயரோடு பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகத் துறை ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாசகர்களே, இந்த நவராத்திரிக்குப் பிறகு பொம்மைகளைத் துணியில் சுற்றும் முன், ஒவ்வொன்றின் உயரத்தையும் வாங்கிய ஊரையும் ஆண்டையும் பீடத்தின் அடியில் பென்சிலால் எழுதிவையுங்கள்.