போடிநாயக்கனூர்க் காபி

1996இல் மதுரையிலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் விளையும் காபி. குரங்கணி, கொட்டகுடி, அகமலைப் பக்கங்களில் மர நிழலில், மிளகுக் கொடிகளுக்கும் ஏலச் செடிகளுக்கும் அருகே வளர்கிறது. உயரமான சரிவுக்கு அராபிகா, தாழ்ந்த இடத்துக்கு ரொபஸ்டா ஏற்றது.

பறிப்பு ஒரே நாளில் முடியும் வேலையல்ல. ஒரே கொத்தில் பச்சைக் காயும் செங்காயும் பழமும் கலந்து நிற்கும். பழுத்ததை மட்டும் கிள்ள அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். பழத்தின் தோலை நீக்கி, புளிக்கவைத்து, வழவழப்புப் போகக் கழுவி உலர்த்தினால் பார்ச்மென்ட். அப்படியே களத்தில் காயவைத்தால் செர்ரி. கோப்பையின் தரம் பெரும்பாலும் இந்தப் பறிப்பிலும் பதப்படுத்தலிலுமே முடிவாகிவிடுகிறது. சுமார் 9 பார் அழுத்தத்தில், அரை நிமிடத்துக்குள் இறங்கும் எஸ்பிரெஸோவில், பறிப்பில் கலந்துவிட்ட பச்சைக் காயின் துவர்ப்பை மறைக்கச் சிக்கரியும் கிடையாது, பாலும் கிடையாது.

சென்னை, பெங்களூரின் புதிய எஸ்பிரெஸோ கடைகள் தோட்டத்தின் பெயரைச் சொல்லியே கொட்டையை விற்கின்றன. காபிக்காகச் சிக்கமகளூருக்கும் குடகுக்கும் கிடைத்த பெயர் போடி மலைக்கும் கிடைக்க வேண்டியது. ஆனால் ஊருக்குள் இன்னும் ஏலக்காய்க்கே முதலிடம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கு நடக்கிறது.