இரவல் சிறகுகள்

அடி அண்ணாமலைக் கோயில் பிரம்மன் எழுப்பியது என்பது தலமரபு. அன்னமாகி உயர உயரப் பறந்தும் சோதியின் முடி காணாது திரும்பியவன், மலையின் அடிவாரத்தில் வழிபட்டு அமைந்தான் என்பர். அந்தக் கோயிலைக் கடந்து கிரிவலம் வரும்போது, எனக்கு இப்போதெல்லாம் என் மாணவி கேட்ட கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

சீவக சிந்தாமணி நடத்திக்கொண்டிருந்தேன். சச்சந்தன் மயிற்பொறி ஒன்று செய்வித்து, அதை இயக்கும் வகையைத் தன் தேவி விசயைக்குப் பயிற்றுவிக்கிறான். பகை சூழ்ந்த நாளில் கருவுற்றிருந்த அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் நின்று போரிட்டு மடிகிறான். பாடம் முடிந்ததும், கிரிவலப் பாதையில் பூக்கட்டி விற்பவரின் மகள் எழுந்து, "ஐயா, விமானம் ஓட்டிப் பழக விமானம் சொந்தமாக இருக்கவேண்டுமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்பது உறைத்தது. அன்று தராத விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பழங்கதையிலேயே விமானம் கைமாறும் பொருள்தான். புட்பகம் குபேரனுடையது. இராவணன் அதைப் பறித்தான். இராமன் அதிலேறி அயோத்தி சேர்ந்ததும் உரியவனிடமே திருப்பி அனுப்பினான் என்கிறது வான்மீகம். பறிப்பது ஒன்று, இரவல் பெற்றுத் திருப்புவது வேறு.

நம் காலத்துக்கு வருவோம். 1909 சூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். மறு ஆண்டே சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த கோர்சிகாத் தீவினர் ஜியாகோமோ தாஞ்சலிஸ், குதிரைவண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்தார். பல்லாவரத்தில் வெள்ளோட்டம் பார்த்தபின் தீவுத்திடலில் நுழைவுக் கட்டணம் வைத்துப் பறந்து காட்டினார். கூட்டத்திலிருந்து துணிந்து வந்த ஒருவரையும் ஏற்றிக்கொண்டார் என்பர். தனியொருவரின் ஊர்தி ஊராரின் அனுபவமான முதற்காட்சிகளுள் இது ஒன்று.

ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, பழகுவது வேறு. பழகும் வழியைத் திறந்தவை பறத்தல் சங்கங்கள். 1920களின் இறுதியில் தில்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி நகரங்களில் அவை தோன்றின. அரசும் விமானமும் மானியமும் தந்து ஊக்கியது. 1930ஐ ஒட்டிச் சென்னையிலும் ஒன்று அமைந்தது. அவர்கள் பெரிதும் நம்பியது 'மாத்' எனும் இலேசான விமானத்தை. இருக்கைகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இறக்கைகளை மடக்கிச் சிறு கொட்டகைக்குள் நிறுத்திவிடலாம். பம்பாய்ச் சங்கத்தில் பழகிய ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

அவராவது செல்வர், சொந்த விமானமும் வாங்கினார். சர்லா தக்ராலைப் பாருங்கள். 1936இல், 21 அகவையில், சேலை உடுத்து ஜிப்ஸி மாத்தைத் தனியே ஓட்டியவர். பின்னர் அவர் பறந்து சேர்த்த ஆயிரம் மணி நேரமும் லாகூர் பறத்தல் சங்கத்தின் விமானத்தில்தான்.

பகிர்வு ஏன் இயல்பாயிற்று என்பதை விமானத்தின் கணக்கே சொல்லும். கொட்டகை வாடகை, காப்பீடு, ஆண்டுச் சோதனை ஆகியவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவுகள். எரிபொருளும் எஞ்சின் தேய்மானமும் பறக்கும் மணிக்கேற்ப வரும். நின்றே கிடக்கும் எஞ்சின் உள்ளுக்குள் துருவேறும். ஆகவே பலர் கைபட்டால் ஒவ்வொருவர் சுமையும் குறையும், பொறியும் நலமாக இருக்கும். இன்றும் வாடகை எஞ்சின் ஓடிய மணிக்குத்தான்.

இதில் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. தனியார் உரிமம் பெற்ற விமானி கூலிக்குப் பறக்கலாகாது. தன் சொந்தப் பயனுக்குப் பதிவுசெய்த விமானத்தில் பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றவும் கூடாது; அதற்குத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் உடன் வருவோரோடு செலவைப் பங்கிடலாம், ஆனால் விமானி தன் பங்கைக் குறைத்துக்கொள்ள முடியாது. பணம் கொடுத்தவர் தம் உயிரையும் ஒப்படைக்கிறார் என்பதால், வணிக ஊர்திக்குரிய கண்டிப்பான சோதனையும் பயிற்சியும் அங்கே கட்டாயமாகின்றன. நட்பின் பங்கையும் கடையின் விலையையும் பிரிக்கும் இக்கோடு நியாயமானதே.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிகளின் விலை இன்று பல இலட்சங்கள். விமானம் வாங்க வேண்டியதில்லை என்று மாணவிக்குச் சொல்லிவிடலாம். மணிகளை வாங்க வேண்டுமே! அன்று அரசு மானியம் தந்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. ஊர்தியைப் பகிர்ந்தால் மட்டும் போதாது, செலவையும் யாரேனும் பகிரவேண்டும்.

மறுநாள் வகுப்பில் அவளிடம் சர்லா தக்ராலின் கதையைச் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. "ஆயிரம் மணி நேரமா, ஐயா?" என்று மட்டும் கேட்டு, அந்தப் பெயரை ஏட்டில் குறித்துக்கொண்டாள்.