குடும்ப அறையில் ஒரு காப்பி

1999இல் எம்.ஃபில். நேர்காணலுக்காக மதுரைக்குத் தனியாகப் போயிருந்தேன். அதுவரை அப்பாவோ அண்ணனோ இல்லாமல் ஓட்டல் படி ஏறியதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடை ஒன்றில் நுழைந்து வாசலோர மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுபவர் தண்ணீர் வைக்கவில்லை.

“பேமிலி ரூம் உள்ள இருக்கும்மா.”

“நான் ஒரு ஆள்தானே அண்ணே?”

“லேடீஸ்னா அங்கதாம்மா.”

ப்ளைவுட் தடுப்பு, பச்சைத் திரை, ஓடாத மின்விசிறி. குடும்பம் இல்லாமலேயே குடும்ப அறையில் என் முதல் தனிக் காப்பியைக் குடித்தேன்.

தமிழ்நாட்டில் காப்பிக் கடையின் வரலாறு பெருமளவு இடம் பிரித்த வரலாறுதான். காப்பி கிளப்புகளில் பிராமணருக்குத் தனி இடம். ரயில் நிலைய உணவகங்களிலும் அதே பிரிவினை. நீதிக்கட்சியும் பெரியாரும் எதிர்த்த பிறகு 1941இல்தான் அது நீங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்துத் திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். ‘குடும்ப அறை’ப் பலகையை எதிர்த்து அப்படியொரு மறியல் நடந்ததாக நான் படித்ததில்லை. அது சாதிப் பலகையைப் போல அவமதிப்பாகத் தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது.

முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அன்று என் எதிரே ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரை இல்லையென்றால் அவள் கடைக்குள்ளேயே வந்திருக்க மாட்டாள்.

ஆனால் என் ஊர் டீக்கடையில் தலித் பெண்கள் வெளியே நின்று, தனிக் குவளையில் குடித்து, தாங்களே கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் திரை கட்ட யாரும் மெனக்கெடவில்லை. தெருவின் பார்வையிலிருந்து காக்க வேண்டிய மானம் என்று எனக்குச் சொல்லித் தரப்பட்டது எல்லாப் பெண்களுக்கும் உரியதாக இருக்கவில்லை. இதை நான் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருந்தது என்பது என் வெட்கம்.

அம்மா விடியலில் எழுந்து கொட்டை வறுத்து, அரைத்து, டிகாக்‌ஷன் இறக்குவாள். முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கும் விருந்தாளிகளுக்கும். அவளுக்கு இரண்டாவது, சில நாள் மூன்றாவது. அப்பா போன பிறகு ஒருநாள் அவளைக் காப்பிக் கடைக்கு அழைத்துப்போனேன். எழுபது வயதில் அவளுக்கு அதுதான் முதல் தடவை. நின்றபடியே உள்பக்கம் பார்த்தாள்.

“நமக்கு இடம் உள்ளதானடி?”

“இங்கேயே உக்காரும்மா.”

டபராவில் ஆற்றி ஒரு வாய் குடித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“இது முத டிகாக்‌ஷனா?”